அப்பாவுக்குக் கீமோவை விட்டுட்டு மூலிகை கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி: எங்களுக்குக் கல்லிடைக்குறிச்சி பக்கம். அப்பாவுக்கு 61 வயசு, வயல் வேலை. மலத்துல ரத்தம் போய், ஸ்கோப் பார்த்துப் பெருங்குடல் புற்றுநோய்னு சொன்னாங்க. ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு வாரம் ஆச்சு. எடுத்த 14 நெறிக்கட்டியில 3-ல புற்று இருக்கு, மூணாவது ஸ்டேஜ், நாலு சுற்று கீமோ வேணும்னு டாக்டர் சொல்றார். பெரியப்பா, கீமோ கொடுத்தா ஆளைப் படுக்கையில தள்ளிரும்னு சொல்லி, மலையடிவாரத்துல ஒருத்தர்கிட்ட கஷாயமும் லேகியமும் வாங்கிக் கொடுத்திருக்கார். அப்பாவும் அதையே குடிச்சுக்கிறேங்கிறார். மஞ்சள், நிலவேம்பு, முள் சீத்தா, நித்தியகல்யாணி எல்லாம் குடல் புற்றைக் கொல்லும்னு ஆராய்ச்சியே வந்திருக்குன்னு போன்ல அனுப்பிக்கிட்டே இருக்காங்க. அது பொய்யா? உண்மைன்னா நீங்க ஏன் அதைக் கொடுக்க மாட்டேங்கிறீங்க?

தம்பி, உங்களுடைய கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கொடுக்கிறோம். செடியிலிருந்தும் மரத்திலிருந்தும் வந்த மருந்துகளைப் புற்றுநோய் வார்டில் தினமும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்டால் நாங்கள் அடிக்கடி கையில் எடுக்கும் இரினோடீகன் என்ற மருந்து ஒரு மரத்திலிருந்து வந்ததுதான். அதனால் மூலிகையில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு மரப்பட்டை எப்படி மருந்தாகிறது, அதற்கு என்னென்ன நடக்க வேண்டியிருக்கிறது என்பதை உங்கள் பெரியப்பாவுக்கும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் உங்கள் அப்பா இப்போது நிற்கும் இடத்தில் அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கப்போகிறது.

சீனாவில் வளரும் ஒரு மரம். அதன் பட்டையில் இருந்த காம்ப்டோதெசின் என்ற பொருளை 1966-ல் அமெரிக்காவில் மன்றோ வால், மன்சுக் வானி என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள். வானி நம் இந்தியாவில் பிறந்தவர். 1972-ல் நம்முடைய டி.ஆர்.கோவிந்தாச்சாரியும் விசுவநாதனும் அதே பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் இன்னொரு மரத்திலும் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். புற்றுச் செல்களை அது கொல்கிறது என்பதில் அப்போதே யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. சரி, உடனே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், 1970-களின் தொடக்கத்தில். என்ன ஆனது தெரியுமா? சிறுநீர்ப்பையிலிருந்து ரத்தம் போக ஆரம்பித்தது, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, சோதனையையே நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அப்புறம் பல வருடம் அது கிடப்பில் கிடந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பொருள் உடம்பில் என்ன செய்கிறது என்று புரிந்தது. செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அதன் டிஎன்ஏ இழை முறுக்கு அவிழ வேண்டும். முறுக்கேறிய கிணற்றுக் கயிற்றை ஒரு இடத்தில் வெட்டி, முறுக்கை விட்டு, மறுபடி முடிச்சுப் போடுவதுபோல ஒரு நொதி இந்த வேலையைச் செய்கிறது. காம்ப்டோதெசின் அந்த நொதி வெட்டிய பிறகு அதை ஒட்டவிடாமல் பிடித்துக்கொள்கிறது. வெட்டு வெட்டாகவே நிற்க, வேகமாகப் பிரியும் செல் செத்துப்போகிறது. புற்றுச் செல் மட்டும் இல்லை, குடலின் உள்தோலும் வேகமாகப் பிரிவதுதான், அதனால்தான் வயிற்றுப்போக்கு. ஜப்பான்காரர்கள் அந்த மூலக்கூறைக் கொஞ்சம் மாற்றி, தண்ணீரில் கரையும்படி செய்து, உடம்புக்குள் போன பிறகு செயல்படும்படி அமைத்தார்கள். அதுதான் இரினோடீகன். 1994-ல் ஜப்பானில் அனுமதி, 1996-ல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கென்றே அனுமதி. பட்டையிலிருந்து பாட்டிலுக்கு வர முப்பது வருடம்.

இதில் நீங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பரவிய நோயில் இவ்வளவு நன்றாக வேலை செய்யும் இதே இரினோடீகனை, உங்கள் அப்பா மாதிரி ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நிலை நோயாளிகளுக்குச் சேர்த்துக் கொடுத்துப் பெரிய அளவில் சோதித்தார்கள். பலன் இல்லை, பக்க விளைவுதான் கூடியது. அதனால்தான் உங்கள் டாக்டர் அதை எழுதவில்லை. முப்பது வருடம் புடம் போட்ட மருந்தே நோய் இருக்கும் நிலை மாறினால் கைகொடுப்பதில்லை என்றால், அளவு தெரியாத ஒரு கஷாயம் எல்லா நிலைக்கும் கேட்கும் என்று யாராவது அடித்துச் சொல்லும்போது நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

இனி அந்தப் போன் செய்திகள். அவற்றில் பாதி முழுப்பொய் கிடையாது, அதுதான் சிக்கலே. மஞ்சளில் இருக்கும் குர்குமினும் நிலவேம்பில் இருக்கும் ஆண்ட்ரோகிராபொலைடும் ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த குடல் புற்றுச் செல்களைக் கொல்கின்றன என்பது உண்மை. ஆனால் தட்டில் நடப்பது வேறு, மனித உடம்பில் நடப்பது வேறு. தட்டில் குர்குமினைப் பெரும்பாலும் 10 முதல் 50 மைக்ரோமோலார் (மிகச் சிறிய அடர்த்தியை அளக்கும் அலகு) அடர்த்தியில் ஊற்றுகிறார்கள். மனிதர்களுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் சுத்தக் குர்குமினைக் கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் ஏறிய உச்ச அளவு 2 மைக்ரோமோலாரைக்கூடத் தொடவில்லை. நாம் வாங்கும் மஞ்சள்பொடியில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும், அப்படியென்றால் அந்த 8 கிராமுக்கே தினமும் கால் கிலோ மஞ்சள்பொடி தின்ன வேண்டும்.

குர்குமின் ஆராய்ச்சியிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு கதை உண்டு. பரம்பரையாகக் குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் என்கிற சதை வளர்ச்சி வரும் ஒரு நோய் இருக்கிறது, விட்டால் அது புற்றாகிவிடும். 2006-ல் மார்சியா குரூஸ் கொரேயா என்ற மருத்துவரின் குழு அந்த நோய் உள்ள 5 பேருக்குக் குர்குமினும் வெங்காயத்தில் உள்ள குவர்செட்டினும் சேர்த்துக் கொடுத்தது. ஆறு மாதத்தில் பாலிப்புகளின் எண்ணிக்கை 60 சதவீதம் குறைந்தது. உலகமே சந்தோஷப்பட்டது. உங்களுக்கு வந்த செய்தியும் அநேகமாக இதைத்தான் சொல்லியிருக்கும். ஆனால் அதே மருத்துவர் அதோடு நிற்கவில்லை. 44 பேரை எடுத்து, பாதிப் பேருக்குத் தினம் 3 கிராம் குர்குமின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை என்று ஒரு வருடம் கொடுத்துப் பார்த்து, 2018-ல் முடிவை வெளியிட்டார். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. தன்னுடைய நல்ல செய்தியைத் தானே கடுமையாகச் சோதித்து, இல்லை என்று தெரிந்ததும் அதையும் வெளியே சொன்னாரே, அந்த நேர்மைக்காகவே அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் முதல் செய்தி மட்டும்தான் ஊர் ஊராகச் சுற்றுகிறது, இரண்டாவதை யாரும் அனுப்புவதில்லை.

குர்குமின் ரத்தத்தில் ஏறாது, சரி, ஆனால் குடலில் தங்குமே, குடல் புற்றுக்கு அது நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி, ஆராய்ச்சியாளர்கள் குடலைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். வாயால் சாப்பிட்டால் குடல் சுவரில் ஓரளவு சேருகிறது என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் அப்பாவின் குடலில் இப்போது கட்டி இல்லை. சர்ஜன் வெட்டி எடுத்துவிட்டார். நாங்கள் பயப்படுவது, நெறிக்கட்டி வரைக்கும் வந்த செல்களில் ஒன்றிரண்டு ரத்தத்தோடு போய்க் கல்லீரலிலோ நுரையீரலிலோ ஸ்கேனில் தெரியாத அளவுக்கு உட்கார்ந்திருக்குமோ என்றுதான். கீமோ அந்தச் செல்களுக்காக. குடலுக்குள்ளேயே நின்று மலத்தோடு வெளியே போய்விடும் ஒரு பொருள் கல்லீரலில் ஒளிந்திருக்கும் செல்லை எப்படிப் போய்த் தொடும்? உங்கள் பெரியப்பாவிடம் இந்த ஒன்றை மட்டும் நிதானமாகக் கேட்டுப் பாருங்கள்.

மூலிகைப் பொருள்களில் எனக்கு உண்மையாகவே நம்பிக்கை தருவது ஒன்று இருக்கிறது, பெர்பரின். மரமஞ்சளில் இருப்பது. சீனாவில், பாலிப் எடுத்துவிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, பாதிப் பேருக்குத் தினம் இரண்டு வேளை 0.3 கிராம் பெர்பரின் கொடுத்து 2020-ல் முடிவு சொன்னார்கள்: மறுபடி பாலிப் வந்தது மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் 47 சதவீதம், பெர்பரின் சாப்பிட்டவர்களில் 36 சதவீதம். நல்ல முடிவு, ஒழுங்காகச் செய்த சோதனை. ஆனால் இது புற்று வருவதற்கு முந்தைய பாலிப்புக்கு. வந்துவிட்ட புற்றுக்கு இல்லை, நெறிக்கட்டிக்குப் போன புற்றுக்கு இல்லவே இல்லை. அதிலும் அளந்து செய்த மாத்திரையைத்தான் கொடுத்தார்கள், மரமஞ்சள் கட்டையை இடித்துக் கொதிக்க வைத்த தண்ணீரை அல்ல. கல்லீரலில் மற்ற மருந்துகளை உடைக்கும் நொதிகளிலும் பெர்பரின் கைவைக்கும், ஆகவே கீமோ நேரத்தில் வேண்டாம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரமஞ்சள் கொடி வெட்டி வெட்டியே அழியும் நிலைக்கு வந்துவிட்டது என்பது இன்னொரு வருத்தம்.

நித்தியகல்யாணி நமக்குத் தெரியாத செடியா? திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்து மானாவாரி நிலத்தில் இதைப் பயிராகவே போட்டு, இலையையும் வேரையும் காயவைத்து மூட்டை மூட்டையாக அனுப்பிய விவசாயிகள் இருக்கிறார்கள். வெளிநாடு போன அந்த இலையிலிருந்து வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு அருமையான மருந்துகள் வந்தன. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இந்த இலைத் தேநீர் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கனடாவில் ராபர்ட் நோபிள் என்பவர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை, ஆனால் வெள்ளை அணுக்கள் மடமடவென்று குறைந்தன. அங்கிருந்துதான் ரத்தப் புற்றுக்கான மருந்து பிறந்தது. இன்றைக்கும் ரத்தப் புற்று வந்த குழந்தைகள் பிழைத்து எழுந்து பள்ளிக்கூடம் போவதில் இந்தச் செடிக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரே ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும், அவ்வளவு குறைவாகத்தான் இலையில் இருக்கிறது. நோயாளிக்கு ஒரு தடவை கொடுப்பது 2 மில்லிகிராமைத் தாண்டாது, அதையும் நரம்பு ஊசியாக மட்டுமே போடுகிறோம். பெருங்குடல் புற்றுக்கு இது கேட்காது. இந்த இலையை அரைத்துக் குடித்தால் புற்றும் போகாது, வெள்ளை அணு மட்டும் குறையலாம், கை கால் மரத்துப்போகலாம், குடல் அசைவு நின்று வயிறு உப்பிப்போகலாம். புதிதாகக் குடலை வெட்டித் தைத்திருக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு ஆபத்து என்று நான் விளக்க வேண்டியதில்லை. கஷாயத்தில் இது இருக்கிறது என்று தெரிந்தால் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

முள் சீத்தா பழம் எப்போதாவது ஒன்று சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. அதன் இலைக் கஷாயத்தைத் தினமும் குடிப்பதுதான் பிரச்சினை. அதில் இருக்கும் அனோனாசின் மூளையின் நரம்புச் செல்களைக் கெடுக்கக்கூடியது. கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவில், இந்த வகைப் பழத்தையும் இலைத் தேநீரையும் வழக்கமாகச் சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சன் மாதிரியான நடுக்க நோய் அதிகமாக இருந்ததை 1999-லேயே எழுதியிருக்கிறார்கள். புற்றுநோயைக் குணமாக்கும் என்று மனிதர்களில் நிரூபித்த சோதனை எதுவும் இல்லை.

நீங்கள் அனுப்பியிருந்த கஷாயப் பாட்டில் படத்தைப் பார்த்தேன். பழைய தண்ணீர் பாட்டில், லேபிள் கிழித்தது, அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மண்டி, மூடியில் பேனாவால் "காலை மாலை" என்று எழுதியிருக்கிறது. உள்ளே என்ன செடி, எத்தனை செடி, எவ்வளவு என்று ஒரு வரி இல்லை. எனக்குக் கவலை அந்த மண்டியில்தான். நம் கரிசல் காட்டில் எங்கும் கிடக்கும் ஆடுதீண்டாப்பாளையும், பெருமருந்து என்று சொல்கிற ஈஸ்வரமூலியும் நாட்டு மருந்துகளில் சேருகிறவை. இரண்டிலும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் இந்தக் குடும்பத்துச் செடி கலந்த உடல் மெலிவதற்கான மருந்தைச் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது, பலருக்கு டயாலிசிஸும் மாற்றுச் சிறுநீரகமும் தேவைப்பட்டது, அப்புறம் சிறுநீர்ப் பாதையில் புற்றே வந்தது. மனிதருக்குப் புற்றை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் அதை முதல் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. புற்றுக்கு மருந்து என்று புற்றை வரவழைக்கும் ஒன்றைக் குடித்துவிடக் கூடாதே என்பதுதான் என் பயம்.

லேகியத்தில் பாதரசம் சேர்ந்திருக்கிறதா, சேராங்கொட்டை முறையாகச் சுத்தி செய்யப்பட்டதா, ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலந்திருக்கிறார்களா, எதுவும் தெரியாது. நாட்டு மருந்து என்ற பெயரில் ஸ்டீராய்டு கலந்து விற்றது நம் நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. அதைச் சாப்பிட்டால் இரண்டே நாளில் பசி எடுக்கும், முகம் தெளியும், "மருந்து கேட்குது" என்று தோன்றும். உங்கள் அப்பாவுக்கு நாலு நாளாக நன்றாகப் பசிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இதைச் சொல்கிறேன். இன்னொன்றும் உண்டு: அப்பாவுக்கு எழுதியிருக்கும் கேபசிட்டபின் என்ற கீமோ மாத்திரையின் அளவைச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் தீர்மானிக்கிறோம். கஷாயத்தால் சிறுநீரகம் கொஞ்சம் கெட்டாலும் அதே மாத்திரை அளவு மீறியதாகிவிடும். செடி என்பதால் கீமோவோடு மோதாது என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் மனச்சோர்வுக்குச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, இரினோடீகனின் செயல்படும் பகுதியை ரத்தத்தில் 40 சதவீதத்துக்கும் மேல் குறைத்துவிட்டதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். மருந்து ஏறுகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, பாதி மருந்து வேலை செய்யாமல் போய்விடும்.

இதையெல்லாம் சொல்வதால் சித்த மருத்துவத்தை நான் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அகத்தியர் மலையின் நிழலில் வளர்ந்தவர்கள் நாம், பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-லிருந்து இருக்கிறது. படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவர்கள் ரிப்போர்ட்டைப் பார்க்கிறார்கள், கீமோ நடக்கிறதா என்று கேட்கிறார்கள், தெரியாத சரக்கைக் கொடுப்பதில்லை. அப்பாவுக்குச் சித்த மருந்து சாப்பிட்டே ஆக வேண்டும் என்று மனம் கேட்கிறதென்றால் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள், கீமோ அட்டையையும் கொண்டு போங்கள், அவர்கள் என்ன எழுதித் தருகிறார்களோ அதை உங்கள் கீமோ டாக்டரிடம் காட்டுங்கள். புற்றுநோயைக் குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். அப்படி போர்டு வைத்திருப்பவர், துண்டுச்சீட்டு கொடுப்பவர் யாராக இருந்தாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இனி பெரியப்பாவின் பயத்துக்கு வருகிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தம்பியை இழந்துவிடக் கூடாது என்றுதான் சொல்கிறார். முடி கொட்டி, வாந்தி எடுத்து, எலும்பும் தோலுமாக ஆனவர்களை அவர் பார்த்திருப்பார். ஆனால் எல்லாக் கீமோவும் ஒன்று இல்லை. உங்கள் அப்பாவுக்கு எழுதியிருப்பது இப்படி: மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தை இரண்டு மணி நேரம் டிரிப்பில் ஏற்றிக்கொள்வார், சாயங்காலமே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம். பதினாலு நாள் காலையும் இரவும் சாப்பாடு முடிந்த அரை மணி நேரத்துக்குள் கேபசிட்டபின் மாத்திரை, அடுத்த ஏழு நாள் ஓய்வு. நாலு சுற்று, மூன்று மாதம். முன்பெல்லாம் ஆறு மாதம் கொடுத்தோம். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் கணக்கை ஒன்றாகப் பார்த்து 2018-ல் வந்த முடிவு, உங்கள் அப்பா மாதிரி மூன்று நெறிக்கட்டிக்குள் நின்றவர்களுக்கு மூன்று மாதமே போதும் என்று காட்டியது. கை கால் மரத்துப்போகும் தொல்லையும் 45 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் அளவுக்கு இறங்கியது. இந்தக் கீமோவில் முடி பெரும்பாலும் மொத்தமாகக் கொட்டுவதில்லை, மெலிந்துபோகும், அவ்வளவுதான்.

கஷ்டமே இருக்காது என்று சொல்ல மாட்டேன். டிரிப் ஏறிய சில நாளுக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல் நுனியில் ஊசி குத்தும், குளிர்ந்த தண்ணீரை விழுங்கினால் தொண்டையை யாரோ பிடித்த மாதிரி இருக்கும். ஐஸ் போட்ட நன்னாரி சர்பத், பிரிட்ஜிலிருந்து எடுத்த மோர், அதிகாலை ஆற்றுக் குளியல், சீசன் நேரத்துக் குற்றாலம், மூன்று மாதத்துக்கு இவை எதுவும் வேண்டாம். வெந்நீர்தான். மாத்திரையால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோல் உரியும். மண்வெட்டி பிடிக்கும் கை என்பதால் சீக்கிரம் வெடிக்கும், ஆகவே முதல் நாளிலிருந்தே காலையும் ராத்திரியும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவட்டும், வயல் வேலையை இந்த மூன்று மாதம் வேறு யாராவது பார்க்கட்டும். எரிச்சல் தாங்க முடியாத அளவுக்குப் போனாலோ, வழக்கத்தைவிட நாலு தடவைக்கு மேல் பேதியானாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போன் செய்யுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்க வேண்டாம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடு ராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரி. வெள்ளை அணு குறைந்திருக்கும் நேரத்தில் காய்ச்சலை வீட்டில் வைத்துப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. பச்சையாக அரைத்துப் பிழியும் அருகம்புல் சாறு, கீரைச் சாறு எல்லாம் இந்த மூன்று மாதம் வேண்டாம் என்று நான் சொல்வதும் அதனால்தான், மண்ணில் இருக்கும் கிருமி சாற்றோடு வந்துவிடும். ஃபோலிக் அமிலம் கலந்த சத்து மாத்திரை எதுவும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம், அது கேபசிட்டபினின் கடுமையைக் கூட்டிவிடும்.

இத்தனை கஷ்டப்பட்டு என்ன கிடைக்கும்? கேபசிட்டபின் உடம்புக்குள் ஃபுளூரோயூராசில் என்ற மருந்தாக மாறுகிறது. அந்தப் பழைய மருந்தை லெவாமிசோல் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்து மூன்றாம் நிலை நோயாளிகளுக்குக் கொடுத்தபோதே, ஆபரேஷன் மட்டும் செய்தவர்களைவிட நோய் திரும்பும் அபாயம் 41 சதவீதமும் இறப்பு 33 சதவீதமும் குறைந்தது. 1990-ல் வந்த முடிவு இது. ஆக்சாலிபிளாட்டின் சேர்ந்த பிறகு பலன் இன்னும் கூடியிருக்கிறது. அதே நேரத்தில், தேறக்கூடிய நிலையில் இருந்தும் இந்தச் சிகிச்சைகளை விட்டுவிட்டு மாற்று மருத்துவம் மட்டும் எடுத்துக்கொண்ட அமெரிக்க நோயாளிகளைக் கணக்கெடுத்து 2018-ல் எழுதினார்கள். பெருங்குடல், மலக்குடல் புற்றில் அவர்கள் இறக்கும் அபாயம் நாலரை மடங்கு. இந்த எண்ணை அப்பாவிடம் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம், ஆனால் முடிவெடுக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாளும் முக்கியம். ஆபரேஷன் முடிந்து எட்டு வாரத்துக்குள் கீமோ தொடங்கிவிடுவதே நல்லது. அதன்பிறகு தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. உங்களுக்கு ஐந்து வாரம் ஓடிவிட்டது. "கஷாயத்தை ரெண்டு மாசம் குடிச்சுப் பார்ப்போம், கேட்கலைன்னா கீமோ" என்று பெரியப்பா சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்கிறதா இல்லையா என்று இரண்டு மாதத்தில் எப்படித் தெரியும்? கட்டிதான் இல்லையே, வலி இல்லை, ரத்தம் போகவில்லை, அப்பா நன்றாகத்தான் இருப்பார். ஒளிந்திருக்கும் செல் தெரியவர ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகலாம், அப்போது கல்லீரலில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்த நேரத்தில்தான் நான் முதலில் சொன்ன மரத்து மருந்து, இரினோடீகன், அவருக்குத் தேவைப்படும். அந்த நிலைக்கு அவரைக் கொண்டுபோக வேண்டாம்.

சாப்பாட்டில் மஞ்சள் வழக்கம்போல் போடலாம், ரசம், சொதி, இட்லி, உளுந்தங்களி, முட்டை, மீன் குழம்பு, வெந்த எதுவும் தரலாம். மஞ்சளும் மிளகும் கலந்த மாத்திரைகள்தான் வேண்டாம். மிளகில் உள்ள பைப்பரின் குர்குமினை ரத்தத்தில் பல மடங்கு ஏற்றிவிடும், அந்தக் கூட்டு சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்திருக்கிறது. கருப்பட்டி சேர்த்தால் புற்று வளரும் என்று பயந்து அப்பாவைப் பட்டினி போடாதீர்கள்.

மாத்திரையோ கஷாயமோ இல்லாமல் அப்பா தானே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. 2025-ல் வந்த ஒரு பெரிய சோதனையில், பெருங்குடல் புற்றுக்குக் கீமோ முடித்த 889 பேரில் பாதிப் பேரை ஒரு பயிற்சியாளர் துணையோடு மூன்று வருடம் ஒழுங்காக உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள், பெரும்பாலும் வேகமான நடை. எட்டாவது வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் 90 சதவீதம், மற்ற கூட்டத்தில் 83 சதவீதம். ஒரு மருந்து இவ்வளவு செய்திருந்தால் அதன் விலை லட்சத்தில் இருந்திருக்கும். கீமோ நடக்கும்போது முடிந்த அளவு வாய்க்கால் கரையில் நடக்கட்டும், முடிந்த பிறகு அதை வழக்கமாக்கிக்கொள்ளட்டும்.

ஆஸ்பிரினும் நல்லது என்று யாராவது சொல்வார்கள். வில்லோ மரப்பட்டையில் தொடங்கிய மருந்துதான் அதுவும், செல் வளர்வதைத் தூண்டும் பிஐகே3 என்ற பாதையில் குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ள கட்டிகளில் நோய் திரும்புவதைப் பாதியாகக் குறைத்ததாக 2025-ல் சுவீடன் மருத்துவர்கள் காட்டியிருக்கிறார்கள். எல்லோருக்கும் இல்லை, அந்த மாற்றம் இருப்பவர்களுக்குத்தான். கட்டியில் அந்தப் பரிசோதனை செய்ய முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள், மெடிக்கலில் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

செலவுக்குப் பயந்து கஷாயத்துக்குப் போயிருந்தீர்கள் என்றால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கீமோ வருகிறது, பாளை ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டாலே வழி சொல்வார்கள். உங்களுக்கும் உங்கள் அக்காவுக்கும் ஒரு வார்த்தை: அப்பாவுக்கு வந்திருப்பதால் நீங்கள் இருவரும் 40 வயதில் கொலனோஸ்கோபி (குடலுக்குள் விட்டுப் பார்க்கும் ஸ்கோப்) பார்க்க வேண்டும். அப்பாவின் கட்டியில் பரம்பரை வகைக்கான பரிசோதனை செய்தார்களா என்றும் கேட்டுவையுங்கள், அது இருந்தால் இன்னும் முன்னாலேயே பார்க்க வேண்டிவரும். பெரியப்பாவுக்கும் ஒரு தடவை ஸ்கோப் பார்த்துவிடுவது நல்லது.

நாளைக்குக் காலையிலேயே கீமோ டாக்டருக்குப் போன் செய்து முதல் சுற்றுக்குத் தேதி வாங்குங்கள். போகும்போது அந்தப் பாட்டிலையும் லேகிய டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், எத்தனை நாள் குடித்தார் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள், திட்டுவார்களோ என்று தயங்க வேண்டாம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் கல்லீரல் பரிசோதனையும் பார்த்துவிட்டுத்தான் மருந்தைத் தொடங்குவார்கள். பெரியப்பாவையும் உடன் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் கேட்க நினைப்பதை டாக்டரிடமே நேரில் கேட்கட்டும்.